ஆழத்துப் பவளம் விதைநெல் ஆகுமா?

கடல் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: “மேலே இருக்கும் பவளப்பாறைகள் வெப்பத்தில் வெளுத்துச் செத்தாலும், 50 மீட்டர், 100 மீட்டர் ஆழத்தில் இருப்பவை தப்பித்துக்கொள்ளும், பிறகு அங்கிருந்து லார்வாக்கள் ஏறி வந்து மேல்பாறையை மறுபடி நிரப்பும் என்று படித்தேன். உண்மையா? அவ்வளவு ஆழத்தில் இருப்பதை யார் போய்க் கெடுக்கப் போகிறார்கள், அதற்கு எதற்குத் தனிப் பாதுகாப்பு?”

முதல் கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் இல்லை. ஆழத்துப் பவளத்தை நாம் குதிரில் எடுத்துவைத்த விதைநெல்லாக நினைத்துக்கொண்டிருந்தோம். திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது பெரும்பாலும் வேறு தானியம். இரண்டாவது கேள்விக்கான பதில் கொஞ்சம் வலிக்கும். நாம் யாரும் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே நம்முடைய வலையும் கயிறும் வெப்பமும் போய்ச் சேர்ந்துவிட்டன.

எந்த ஆழத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஏறத்தாழ 30 மீட்டரில் தொடங்கி 150 மீட்டர் வரை, தெளிந்த கடலில் அதற்குச் சற்றுக் கீழேயும், வெயிலை நம்பி வாழும் பவளங்கள் இருக்கின்றன. நம் மீனவர்கள் கணக்கில் சொன்னால் 17 பாகத்திலிருந்து 80 பாகம் வரை. இந்த மண்டலத்தை ஆய்வாளர்கள் மீசோபோட்டிக் என்கிறார்கள். நான் மங்கொளிப் பாறை என்றே எழுதுகிறேன், அதுதான் அங்குள்ள நிலைமை. மேலிருந்து 150 மீட்டர் வரையிலான ஆழத்தை ஐந்து பங்காகப் பிரித்தால், படங்களில் நாம் பார்த்துப் பழகிய பவளப்பாறை முழுவதும் மேல் பங்கு ஒன்றுக்குள் அடங்கிவிடும். மீதி நான்கு பங்கும் மங்கொளி.

கீழே இறங்க இறங்க முதலில் சிவப்பு மறைகிறது, பிறகு மஞ்சள், பச்சை. கடைசியில் நீலம் மட்டும் மிஞ்சுகிறது. 100 மீட்டருக்கு வரும்போது மேற்பரப்பு வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குதான் இருக்கும். பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து உணவு தயாரித்துத் தரும் நுண்பாசி அந்த ஒரு பங்கில் பிழைத்தாக வேண்டும். அதனால் அங்கே மான்கொம்பு போலக் கிளைத்து வளரும் பவளங்கள் குறைந்துவிடுகின்றன. லெப்டோசெரிஸ் போன்றவை தோசைக்கல் போல மெல்லிய தட்டாக, கிடைமட்டமாக விரிகின்றன. விழுகிற ஒளித்துளி ஒன்றும் வீணாகக் கூடாது என்பதற்கான வடிவம் அது. சில ஆழப் பவளங்களின் திசுவில் இருக்கும் ஒளிரும் நிறமிகள், வரும் நீல ஒளியை ஆரஞ்சுச் சிவப்பாக மாற்றித் திசுவின் உட்பக்கம் வரை பரப்புகின்றன. கிடைக்காத நிறத்தைப் பவளமே உண்டாக்கிக்கொள்கிறது! இதை முதன்முதலில் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இந்தத் தகவமைப்பு எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு ஓர் எல்லைக்கல்: பிரெஞ்சு பாலினேசியாவின் கேம்பியர் தீவுகளில், லெப்டோசெரிஸ் ஹவாயென்சிஸ் 172 மீட்டர் ஆழத்தில் உயிரோடு எடுக்கப்பட்டது.

ஹவாயில் மௌயி தீவை ஒட்டிய அவ்-அவ் கால்வாயில் இந்தத் தட்டுப் பவளங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, சுமார் 50 முதல் 90 மீட்டர் ஆழத்தில், 8 சதுர கிலோமீட்டர் அளவுக்குத் தொடர்ச்சியாகத் தரையை மூடியிருக்கின்றன. சுற்றுலாப் படகுகள் அதற்கு மேலேதான் திமிங்கிலம் காட்டிக்கொண்டு போகும். ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. மேலே வாழும் மீன் இனங்களில் 17 சதவீதம் ஹவாய்க்கு மட்டுமே உரியவை. மங்கொளிப் பாறையில் அது 43 சதவீதம். கூட்டத்தின் வடமேற்கு முனையான குரே பவளத்தீவில் சில இடங்களில் கண்ட மீன் இனங்கள் அத்தனையும் ஹவாயைத் தவிர வேறெங்கும் இல்லாதவை.

அதே குரேயில் 90 மீட்டர் ஆழத்தில் பிடித்த இளஞ்சிவப்பும் மஞ்சளுமான சிறு மீனுக்கு 2016இல் டோசனாய்டஸ் ஒபாமா என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டு அங்குள்ள கடல் சரணாலயத்தை விரிவாக்கியவர் ஒபாமா. அந்தச் செய்தி உலகம் முழுதும் சுற்றியது. எனக்கு அதைவிட நெருக்கமானது மாலத்தீவின் கதை. 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில் வாழும், ரோஜா நிறம் கொண்ட ஒரு மீன் 2022இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. திவேஹி மொழியில் ரோஜாவுக்குப் பெயர் ஃபினிஃபென்மா, மீனின் பெயரிலும் அதுவே இருக்கிறது. அதை விவரித்தவர்களில் ஒருவர் அகமது நஜீப். மாலத்தீவு அறிஞர் ஒருவர் தன் நாட்டு மீனுக்குத் தானே அறிவியல் பெயர் சூட்டியது அதுவே முதல் முறை. இந்த மீன் 1990களிலேயே கிடைத்திருந்தும், வேறொரு இனத்தின் வளர்ந்த வடிவம் என்று நினைத்து விட்டிருந்தார்கள். பெயர் கிடைப்பதற்கு முன்பே அது அலங்கார மீன் சந்தையில் விற்பனைக்கு வந்துவிட்டது. பெயரே இல்லாத உயிரை எந்தச் சட்டப் பட்டியலில் சேர்ப்பது?

இவ்வளவு பெரிய உலகம் இவ்வளவு தாமதமாகக் கண்ணில் பட்டதற்குக் காரணம் எளிது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். நீர்மூழ்கிக் கலங்களைக் காசு கொட்டி வாடகைக்கு எடுப்பவர்கள் நேரே ஆயிரம் மீட்டருக்குப் போய்விடுவார்கள். நடுவில் இருப்பதை யாரும் நின்று பார்க்கவில்லை. ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பைல் போன்றவர்கள், விட்ட மூச்சையே சுத்திகரித்துத் திருப்பித் தரும் ரீபிரீதர் கருவியோடும் ஹீலியம் கலந்த வாயுவோடும் இறங்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. 100 மீட்டருக்குக் கீழே சில நிமிடங்கள் வேலை பார்த்தால், ரத்தத்தில் கரைந்த வாயு வெளியேறப் படிப்படியாக நின்று நின்று மேலே வரப் பல மணி நேரம் ஆகும். அந்தச் சில நிமிடங்களில்தான் மேலே சொன்ன மீன்களில் பல கிடைத்தன.

இனி விதைநெல் விஷயம். இந்த யோசனை ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. ஆழத்தில் தண்ணீர் குளிர்ச்சி, அலை அடிக்காது, வெயில் சுடாது. ஆகவே அது அடைக்கலம் ஆகலாம் என்று 1990களிலிருந்து நேர்மையான அறிஞர்கள் முன்வைத்த கருதுகோள் அது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2016இல் வெளியிட்ட அறிக்கைகூட இவற்றை உயிர்காக்கும் படகு என்று சொல்லி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டது. கேள்விக்குறி போட்டது நல்லதாகப் போயிற்று.

2018இல் மீன் ஆய்வாளர் லூயிஸ் ரோச்சா தலைமையிலான குழு பஹாமாஸ், பெர்முடா, குராசோ, பிலிப்பைன்ஸ், மைக்ரோனீசியா ஆகிய இடங்களில் மேலும் கீழும் இறங்கி எண்ணிப் பார்த்தது. மீனிலும் பவளத்திலும் இரண்டு மண்டலங்களுக்கும் பொதுவாக இருந்த இனங்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. அதற்கு முந்தைய மதிப்பீடுகள் பாதிக்கு மேல் பொது என்று சொல்லிவந்தன. பொதுவாக இருக்கும் அந்தச் சில இனங்களாவது மேலே ஏறி நிரப்புமா என்றால், அதுவும் இனத்துக்கு இனம் மாறுகிறது. பெர்முடாவில் அகாரிசியா ஃபிராஜிலிஸ் என்ற பவளத்தின் மரபணுவைப் பார்த்தபோது, மேலே இருப்பவையும் கீழே இருப்பவையும் தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்திருந்தது தெரிந்தது. பெயர் ஒன்று, ஆனால் கொண்டு கொடுத்தல் குறைவு. நீல இருட்டுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய குஞ்சை நண்பகல் வெயிலில் கொண்டுவந்து வைத்தால் அது பிழைத்துவிடும் என்று நாம் எதிர்பார்த்ததே அதிகம்.

சரி, மேலே உதவாவிட்டாலும் கீழேயாவது அவை பத்திரமாக இருக்கின்றனவா? இதற்குத்தான் சாகோஸ் தீவுகளுக்குப் போக வேண்டும்.

லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் மூன்றும் கடலடியில் ஒரே மலைத்தொடரின் முகடுகள். தென்கோடியில் இருப்பது சாகோஸ். 2019 நவம்பரில் பிளிமத் பல்கலைக்கழகக் குழு ஒன்று அங்குள்ள எக்மான்ட் பவளத்தீவில் கேமரா பொருத்திய ஆளில்லா ஊர்தியைக் கீழே இறக்கியது. மேல்பாறை நன்றாக இருந்தது, வெளுத்ததற்கான, அதாவது சூடு தாங்காமல் உள்ளிருக்கும் நுண்பாசியை உதறி நிறமிழந்ததற்கான, அடையாளம் இல்லை. ஊர்தி கீழே போகப் போகத் திரையில் வெள்ளை வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தது. 90 மீட்டர் வரை பவளங்கள் வெளுத்திருந்தன, சில பகுதிகளில் 80 சதவீதம் வரை. பாடப்புத்தகத்தில் இருப்பதற்கு நேர் எதிர். வீட்டின் கூரை குளிர்ந்திருக்க, அடித்தளத்தில் தீப்பிடித்த மாதிரி.

காரணம் நம் ஊர் வானிலை ஆர்வலர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்தான்: ஐஓடி, இந்தியப் பெருங்கடல் இருமுனை. கடலின் மேலே வெதுவெதுப்பான அடுக்கு ஒன்றும், அதற்குக் கீழே சட்டென்று குளிரும் அடுக்கும் இருக்கும். 2019இல் மிக வலுவான நேர்மறை ஐஓடி ஏற்பட்டபோது, கிழக்கிலிருந்து வீசிய காற்று சூடான நீரை மேற்கே தள்ளிக் குவித்தது. மேலே இருந்த வெதுவெதுப்புப் போர்வை தடித்துக் கீழே இறங்கியது. எப்போதும் 22 டிகிரி அளவில் இருக்கும் ஆழத்து நீர் 29 டிகிரிக்கு ஏறியது. மேல்பாறைக்கு 29 டிகிரி அன்றாடம் பழகிய சூடு. கீழே இருப்பவற்றுக்கு அது கொதிநீர்.

நம் எச்சரிக்கை ஏற்பாடுகள் அனைத்தும் செயற்கைக்கோள் காட்டும் கடல் மேற்பரப்பு வெப்பத்தை வைத்து ஓடுகின்றன. எக்மான்டில் மேற்பரப்பு அசாதாரணமாக எதையும் காட்டவில்லை. அன்று அந்தக் குழு தற்செயலாக அங்கே இல்லாவிட்டால், 90 மீட்டர் வரை நடந்த சேதம் நடந்த சுவடே தெரியாமல் போயிருக்கும். வேறெங்கெல்லாம், எத்தனை முறை இப்படி நடந்தது என்று கேட்டால் நம்மிடம் ஏடு இல்லை.

ஆறுதலான செய்தியும் உண்டு. 2020இலும் 2022இலும் திரும்பிப் போய்ப் பார்த்தபோது பெரும்பகுதி தேறியிருந்தது. ஆழத்துப் பவளம் நோஞ்சான் என்று நான் சொல்லவரவில்லை. அதற்கும் காய்ச்சல் வரும், அந்தக் காய்ச்சல் மேல்பாறையின் நாள்காட்டிப்படி வராது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2016இல் நடந்த பெரும் வெளுப்பில் 40 மீட்டரில் சேதம் குறைவாக இருந்தது என்பதும் உண்மை. ஆனால் அங்கும் ஏறக்குறைய கால் பங்கு வெளுத்தது. கோடையின் தொடக்கத்தில் ஆழத்திலிருந்து மேலெழுந்த குளிர்நீர் கொஞ்சம் காத்தது. அது நின்றதும் பாதுகாப்பும் குறைந்துவிட்டது.

சாகோஸ் பற்றி இன்னொன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. அந்தக் கடலில் 6,40,000 சதுர கிலோமீட்டரை 2010இல் மீன்பிடியே கூடாத பாதுகாப்பு மண்டலமாகப் பிரிட்டன் அறிவித்தது. அந்தத் தீவுகளில் வாழ்ந்த மக்களை 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் முழுதாக வெளியேற்றிவிட்டு, பிறகு வரைந்த கோடு அது. 2015இல் சர்வதேச நடுவர் மன்றம் அந்த அறிவிப்பு கடல் சட்ட உடன்படிக்கைக்கு முரணானது என்றது. மீனவனையும் குடியானவனையும் வெளியே நிறுத்திவிட்டால் கடல் தானாகக் காக்கப்படும் என்ற எண்ணம் எனக்கு ஒருபோதும் ஏற்புடையதாக இருந்ததில்லை. வெப்பமோ அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளவே இல்லை.

அதற்காகக் கோடுகளே பயனற்றவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா கிழக்குக் கரையில் ஒரு கொடுமையான சாட்சி இருக்கிறது. 70 முதல் 100 மீட்டர் ஆழத்தில் ஆக்குலினா வேரிகோசா என்ற பவளம் முட்புதர் போல அடர்ந்து, மேடு மேடாக வளர்ந்திருந்தது. அந்தப் புதர்களுக்குள்தான் கலவாய் மீன்கள் கூட்டமாக வந்து கூடி முட்டையிடும். 1984இல் அதில் ஒரு பகுதிக்குப் பாதுகாப்பு தந்தார்கள். ஆழப் பவளத்துக்கென்று இப்படிப் பாதுகாப்பு தந்ததில் உலகிலேயே முன்னோடி அது. ஆனால் எல்லைக்கு வெளியே இறால் இழுவைமடிகள் தொடர்ந்து ஓடின. பிற்காலத்தில் போய்ப் பார்த்தபோது, அந்தப் பவளப்பரப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் நொறுங்கிச் சல்லியாகக் கிடந்தது என்று கணக்கிட்டார்கள். 1970களில் கண்ட கலவாய்க் கூட்டங்களும் போயிருந்தன. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் வளரும் உயிர் அது. ஒரு மடி ஒரு மணி நேரத்தில் வழித்துப் போனது எத்தனை தலைமுறை வளர்ச்சி!

படிக்கும் காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கொட்டும் சங்காயத்தை, அதாவது மடியில் சிக்கி விலைபோகாமல் ஒதுக்கப்படும் குவியலை, கிளறிக் கிளறி இனம் பிரித்திருக்கிறேன். வாலாட்டிக்கொண்டிருக்கும் குஞ்சு மீன்களுக்கு நடுவே ஊதாவும் செம்மண் நிறமுமாகக் கடல் விசிறிகள் முறிந்து கிடக்கும். அவற்றைக் கல் என்றோ செடி என்றோ நினைத்துத் தள்ளிவிடுவார்கள். இரண்டும் இல்லை, பவளத்தின் உறவு அது. 2001லிருந்து கல்பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில் இருக்கின்றன. வியாபாரத்தைத் தடுக்க அது உதவியது. தரையைத் தடவிக்கொண்டு போகும் மடியை அந்தச் சட்டம் எப்படித் தடுக்கும்?

மெதுவான வளர்ச்சியைப் பற்றிச் சொன்னேன். மங்கொளிக்கும் கீழே போனால் அது கற்பனைக்கு அடங்காது. ஹவாய்க் கடலில் 300 மீட்டருக்குக் கீழிருந்து எடுத்த ஒரு கருப்புப் பவளத்துக்கு வயது 4,265 என்று 2009இல் கணித்தார்கள். கீழடியில் மக்கள் செங்கல் அடுக்கிய காலத்திலேயே அதற்கு 1,500 வயது கடந்திருந்தது.

வலை மேலே வந்தால் சங்காயம். அறுந்து கீழே தங்கினால் அது இன்னும் மோசம். 14 நாடுகளின் 84 பவளப்பாறைகளில் முக்குளித்து எண்ணிய ஓர் ஆய்வு 2023இல் வந்தது. 77 பாறைகளில் மனிதக் குப்பை இருந்தது. ஆழம் கூடக் கூடக் குப்பை குறையும் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்தது தலைகீழ், மங்கொளிப் பாறைகளில்தான் அதிகம். பெரிய பிளாஸ்டிக் துண்டுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மீன்பிடிக் கயிறும் வலையும் தூண்டில் நரம்பும். மேலே என்றால் அலை அடித்துக் கரையில் ஒதுக்கும், முக்குளிப்போர் எடுத்துப் போடுவார்கள். கீழே எடுக்க ஆளில்லை. பவளத் தட்டின் மேல் கயிறு ஒரு முறை சுற்றினால் சுற்றியதுதான்.

எண்ணெய்யும் அங்கே போகும். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்த பிறகு, 60 முதல் 90 மீட்டர் ஆழத்துப் பாறைகளில் கடல் விசிறிகள் கிளை உதிர்ந்து காயப்பட்டு நின்றதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அந்த ஆழத்தையும் அதற்குக் கீழுள்ள கடலடியையும் சீரமைக்க ஒதுக்கிய தொகை 12.6 கோடி டாலர். பவளத்தை ஆய்வகத்தில் வளர்த்துக் கீழே நடும் முறையையே புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதே வளைகுடாவில் ஃபிளவர் கார்டன் பேங்க்ஸ் சரணாலயத்தை 2021இல் 3 திட்டுகளிலிருந்து 17 திட்டுகளாக விரித்தார்கள். புதிதாகச் சேர்ந்தவை பெரும்பாலும் மங்கொளிப் பாறைகள். முதலில் வரைபடம், பிறகு மீனவர்களோடு பேச்சு, பிறகு எல்லை என்று பல ஆண்டுகள் இழுத்த வேலை. எனக்குத் தெரிந்தவரை இதுதான் நடக்கக்கூடிய வழி.

எது முதலில் என்று என்னைக் கேட்டால் மூன்று விஷயங்களைச் சொல்வேன். மங்கொளிப் பாறை இருக்கும் தரையில் இழுவைமடியும் பெரிய கப்பல்களின் நங்கூரமும் கூடாது. தூண்டில்காரர்களை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பாருக்கு, அதாவது கடலடிப் பாறைக்கு, மேலே தூண்டில் போடுகிறவருக்குப் பார் இருந்தால்தான் பிழைப்பு, எங்கே பார் கிடக்கிறது என்பதும் பல இடங்களில் அவருக்குத்தான் தெரியும். அடுத்து, பாதுகாப்பு எல்லை வரையும்போது மேல்பாறையோடு நிறுத்தாமல் சரிவில் 100 மீட்டருக்கும் கீழே வரை இழுக்க வேண்டும். மேலே ஒரு சரணாலயம் இருப்பதால் கீழே இருப்பதும் பத்திரம் என்று எண்ண இடமில்லை, அங்கே வாழ்பவை வேறு உயிர்கள். மூன்றாவது, ஆழத்தில் வெப்பமானி.

இந்த மூன்றாவதைத்தான் உங்களைப் போன்ற மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2024 கோடையில் லட்சத்தீவின் பவளங்கள் கடுமையாக வெளுத்ததை நாம் பார்த்தோம், அதெல்லாம் மேல்பாறைக் கணக்கு. சாகோஸ் இருக்கும் அதே மலைத்தொடரில், அதே ஐஓடி வந்துபோகும் கடலில்தான் லட்சத்தீவின் சரிவுகளும் இறங்குகின்றன. வெப்பத்தைத் தானே பதிந்துகொள்ளும் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு கயிற்றில் 30, 60, 90 மீட்டர் என்று கட்டித் தொங்கவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்தால் போதும், இறங்கிப் பார்க்க ரீபிரீதர் வேண்டியதில்லை. அடுத்த வலுவான ஐஓடி வரும்போது போர்வை எவ்வளவு கீழே இறங்கியது, எத்தனை நாள் நின்றது என்று அந்தக் கயிறு சொல்லும். ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.